ஒன்றும் நடக்கவில்லை



நம் பங்கின் பழைய ஜீப்பை உங்களில் அறியாதவர் இல்லை. எனக்கு முன்னிருந்த சுவாமியார் விட்டுச்சென்ற வண்டி அது. அதன் சத்தம் தூரத்தில் கேட்டதுமே கிளைக் கிராமங்களில் கோவில் மணியை அடித்துவிடுகிறார்கள். அந்த ஜீப்பின் வலப்புறக் கண்ணாடியைப் பற்றி இந்த வாரம் எழுதப்போகிறேன். சாமியாருக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லை போலும் என்று சிரிக்க வேண்டாம். ஒரு மாத காலமாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி அந்தக் கண்ணாடியிலிருந்துதான் பிறந்தது.

தபசு காலத் தொடக்கத்தில் அது தளர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் தலை கவிழும். நான் கையை வெளியே நீட்டி நிமிர்த்துவேன். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் கவிழும். நம் பக்கத்துச் சாலைகளில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் திருப்புளியால் முடுக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் நின்றது. பிறகு பழைய வாரமடல் ஒன்றை மடித்து இடுக்கில் செருகினேன் (நம் மடலுக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு). அது ஒரு மழையில் கூழாகிவிட்டது. கடைசியில் சணல் கயிற்றால் ஒரு கட்டு. பட்டறை நம் கோவிலிலிருந்து அரை மைல்கூட இல்லை. வாரத்தில் நான்கு முறை அதன் வாசலைக் கடந்து போகிறேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் கழிந்தது.

திரு இருதயத் திருநாளுக்கு முந்தின வாரம், ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுத்துவிட்டு, கீரனூர்ப் பக்கத்திலிருந்து திருச்சிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். நம் கோவில் சாலைக்கு வலப்புறம் திரும்பவேண்டிய இடத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ஜீப்பின் கதவும், அதன் கீழே ஓடுகின்ற தாரும் தெரிந்தன. நேரமாகிவிட்டது, பூசைக்கு ஆட்கள் காத்திருப்பார்கள் என்ற எண்ணத்தில் வண்டியைத் திருப்பினேன். திரும்பும் விளக்கைப் போட்டதும் திருப்பத் தொடங்கிய பிறகுதான். பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. இருபுறமும் பால் கேன் தொங்க, மொபெட்டில் வந்த ஒரு மனிதர் என்மேல் மோதாமலிருக்க மண்ணில் இறங்கி, சறுக்கி, வண்டியோடு சாய்ந்தார். ஒரு கேன் கவிழ்ந்து பால் மண்ணில் ஓடிற்று.

ஐம்பது வயதைத் தாண்டியவர். நம் வேதத்தைச் சேர்ந்தவரல்ல. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்கங்க சாமி. கவனிக்காம வந்துட்டேன்.”

“பரவாயில்லை ஐயா. அடி ஏதும் படவில்லையே?” என்றேன்.

பரவாயில்லை என்று சொன்னது நான்! அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை. தேநீர்க் கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து மொபெட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை, மாதாதான் காப்பாற்றினாள் என்றார்கள். நானும் ஆமென்றேன். பூசை முடிந்தபின் மாதா பீடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். ஏற்றியது தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் திரி எரிந்துகொண்டிருக்கும்போதே கணக்கு முடிந்தது என்று மனம் சொல்லிற்று. அங்கேதான் ஏதோ பிசகு இருக்கிறதென்று சந்தேகம் தட்டியது.

அன்று மாலையே பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பெரியவர் கண்ணாடியை ஒரு விரலால் தட்டினார். அது தலையாட்டிற்று.

“எத்தனை நாளா சாமி ஆடுது?”

“மூணு மாசம் இருக்கும்.”

அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கிறது. அதை இரண்டு தகடுகள் கவ்விப் பிடிக்கின்றன. தகடுகளை ஒரு போல்ட் இறுக்குகிறது. நான் முடுக்கியும் நிற்காத காரணத்தை அவர் கழற்றிக் காட்டினார். போல்ட்டின் கீழே இருக்கவேண்டிய ஸ்பிரிங் வாஷர் எப்போதோ விழுந்துவிட்டது. அது இல்லாவிட்டால் அதிர்ச்சியிலேயே போல்ட் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பித் தளர்ந்துவிடும். குண்டோ, வருஷக்கணக்கில் தூசியோடு உரசி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. தேய்ந்த குண்டை எவ்வளவு முடுக்கினாலும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடுமே தவிர அதைப் பிடிக்கமாட்டா. அவர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, சைக்கிள் டியூபில் ஒரு கீற்று வெட்டிக் குண்டைச் சுற்றி வைத்து, புதிய போல்ட்டும் வாஷரும் போட்டு, அதன் மேல் இரண்டாவதாக ஒரு நட்டையும் முடுக்கினார். முழுப் பலத்தோடு முடுக்கவில்லை. காரணம் கேட்டேன்.

“கை அசைச்சா அசையணும் சாமி. ரோடு அசைச்சா அசையக்கூடாது. ரொம்ப இறுக்கிட்டா, யாராவது இடிச்சா கண்ணாடி உடைஞ்சுபோகும்.”

கால்மணி நேர வேலை. போல்ட்டுக்கும் வாஷருக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கார் வைத்திருப்பவர்களுக்கும் அவர் சொன்ன ஒரு யோசனையை இங்கே எழுதிவைக்கிறேன். முன்கண்ணாடியில் ஒட்டவைத்த உள்கண்ணாடி விழுந்துவிட்டால், கையில் கிடைத்த பசையைப் போட்டு ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் அது மறுபடி விழும். பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டவேண்டிய இடத்தை வெளிப்பக்கம் குறித்துக்கொண்டு, அதற்கென்றே விற்கும் பசையால் குமிழை மட்டும் முதலில் ஒட்டி, ஒருநாள் காயவிட்டு அப்புறம் கண்ணாடியை மாட்ட வேண்டும். அதில் செபமாலையைத் தொங்கவிடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அது கண்ணாடியைக் கீழே இழுக்கிறது, பார்வையையும் மறைக்கிறது. செபமாலைக்கு இடம் கை.

நிற்க. கண்ணாடி சரியாயிற்று, கேள்வி சரியாகவில்லை.

நான் கண்ணாடியைப் பார்த்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? பார்த்ததென்னவோ உண்மை. இதைப் பற்றி ஒரு பழைய சம்பவம் உண்டு. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் 1911ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் முதலாவது ஐந்நூறு மைல் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. மற்றக் கார்களில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுவார். ரே ஹாரூன் என்பவர் மட்டும் தனி ஆளாய் வந்தார். இது மற்றவர்களுக்கு ஆபத்து என்று ஆட்சேபம் எழவே, அந்த ஆளுக்குப் பதிலாக ஒரு கண்ணாடியைத் தம் முன்னே பொருத்திக்கொண்டார். பந்தயத்தையும் வென்றார். ஆனால் அந்தத் தளம் செங்கல் பாவியது. வண்டி அதிர்ந்த அதிர்ச்சியில் கண்ணாடி ஓயாமல் ஆடியதாகவும், அதில் தமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றும் பின்னாளில் அவரே சொன்னார். ஆட்சேபித்தவர்கள் வாய் அடைந்ததுதான் அந்தக் கண்ணாடியால் உண்டான பலன். என் கண்ணாடியும் மூன்று மாதம் அந்த வேலையைத்தான் செய்தது. கண்ணாடி இல்லாத வண்டி என்றால் எனக்கே பயமாயிருந்திருக்கும். ஆடுகிற கண்ணாடி இருந்ததால் பயமும் இல்லை, பார்வையும் இல்லை.

அந்த ஹாரூனுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் ஒன்றும் நடக்காத தவறு எவ்வளவு தவறு? இதே மூன்று மாத அசட்டையோடு நான் திரும்பி, அந்த மனிதர் ஒரு விநாடி தாமதித்துப் பிரேக் பிடித்திருந்தால், இன்று நான் வேறொரு மனிதனாக இருந்திருப்பேன். போலீசு, நீதிமன்றம், ஒரு விதவை. உங்களில் பலர் என்னை வேறு கண்ணோடு பார்த்திருப்பீர்கள். என் செயலில் என்ன வித்தியாசம்? ஒரு மயிரிழைகூட இல்லை. வித்தியாசம் முழுவதும் அவருடைய காலில், அவருடைய பிரேக்கில் இருந்தது.

சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். வண்டியில் ஆபத்து விளைக்கத்தக்க குறை இருக்கிறதென்று தெரிந்தோ, சாதாரணக் கவனம் வைத்தால் தெரிந்துகொள்ளக்கூடியதாய் இருந்தும் கவனியாமலோ ஓட்டுகிறவனுக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1,500 ரூபாய் வரை அபராதம். அதே குறையினால் விபத்து நேர்ந்து காயமோ பொருட்சேதமோ உண்டானால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அசட்டையால் உயிர் போனால், 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. போல்ட் ஒன்றுதான், தண்டனை மூன்று. (மண்ணில் கொட்டிய பாலும் பொருட்சேதந்தானே என்று படிக்கும்போதே உறைத்தது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.)

இந்தச் சிக்கலைப் பற்றி 1976ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான பெர்னார்டு வில்லியம்ஸ், அமெரிக்கரான தாமஸ் நாகெல் என்ற இரு தத்துவ அறிஞர்கள் எதிரெதிராக இரு கட்டுரைகள் எழுதினார்கள். பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட ஓர் ஓட்டுநரை நாகெல் எடுத்துக்கொள்கிறார். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் அவன் வாழ்நாள் முழுவதும் அந்தச் சாவுக்காகத் தன்னைக் குற்றஞ்சாட்டிக்கொள்வான்; குழந்தை வராத நாளில் அதே அசட்டையைப் பற்றி அற்பமாகவே வருந்துவான். நம் கையில் இல்லாத ஒன்று நம் குற்றத்தின் அளவைத் தீர்மானிக்கலாமா என்பது அவருடைய கேள்வி. வில்லியம்ஸோ, தன்மேல் பிழையே இல்லாமல் ஒரு குழந்தையின்மேல் ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநரைப் பற்றி யோசிக்கிறார். உன் குற்றமில்லை என்று நாம் அவனுக்கு ஆறுதல் சொல்வோம்; ஆனால் அவன் அந்த ஆறுதலை உடனே ஏற்றுக்கொண்டு எழுந்து போய்விட்டால் அவனைப் பற்றி நமக்கு ஒருவிதமாக இருக்கும் என்கிறார். எனக்கு அந்த வரிசையைப் படித்தபோது மெழுகுதிரி ஞாபகம் வந்தது.

நம் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் எழுநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னமே இதன் பக்கத்தில் வந்துவிட்டார். தற்செயலாய் ஒருவனைக் கொன்றவன் கொலைப்பழிக்கு உள்ளாவானா என்று தம் வேதசாஸ்திரப் பெருநூலில் கேட்டு, நியாயமான காரியத்தை உரிய கவனத்தோடு செய்தவன் உள்ளாகான், கவனத்தில் தவறியவன் தப்பான் என்கிறார். வேறோரிடத்தில், ஒரு செயலின் விளைவு அதன் தீமையைக் கூட்டுமா என்றும் விசாரிக்கிறார். அச்செயலின் இயல்பிலிருந்து பெரும்பாலும் பிறக்கக்கூடிய விளைவானால், செய்தவன் அதை முன்னறியாவிட்டாலும் கூட்டும். அபூர்வமாய்த் தற்செயலாய் வந்து சேர்ந்ததானால் கூட்டாது. குருமடத்தில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். இப்போதுதான் அது என்னைப் பரீட்சித்தது. திருச்சிச் சாலையில் நமக்குப் பின்னால் ஒருவர் வருவது அபூர்வமா? இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டு மட்டும் 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று நம் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது. ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இருட்டிலும் சாலையோரம் போகிறார்கள். உங்களில் பலர் அப்படி நடந்தவர்கள்தாம். பின்னால் ஆள் இருப்பதே இயல்பு. ஆகையால் நடந்திருக்கக்கூடியதை நான் துரதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

அப்படியானால் சர்வேசுரன் முன்னிலையில் எனக்கும், நிஜமாகவே ஒருவரை இடித்துவிட்ட ஓட்டுநருக்கும் மனதின் அசட்டை ஒன்றே. இதை ஒத்துக்கொள்ளுவது எனக்குக் கஷ்டமாயிருந்தது. காரணம், அப்படிப்பட்ட ஓட்டுநர்கள் நம் ஊர்களிலும் உண்டு. தண்டனை அனுபவித்து வந்தபின்னும் கலியாண வீட்டில் ஓரமாய் உட்காருகிறார்கள்; நாமும் ஓரமாய் உட்காரவிடுகிறோம். அவர்களுக்கும் நமக்கும் நடுவே பல சமயம் இருப்பது வேறொருவருடைய பிரேக் என்று நாம் நினைப்பதில்லை. பூசையின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையில் பழைய இலத்தீன் முறைப்படி நினைவு, சொல், செயல் என்று மூன்றே இருந்தன. 1970ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பூசைப் புத்தகத்தில் நான்காவதாகக் கடமையில் தவறுவதும் சேர்ந்தது. அந்த நான்காவதைச் சொல்லும்போது நான் ஒருநாளாவது ஒரு போல்ட்டை நினைத்ததில்லை.

ஆனாலும் இருவருடைய கடனும் ஒன்றாகிவிடாது என்று நினைக்கிறேன். இடித்தவனுக்கு, இடிபட்டவர் வீட்டுக்குச் செய்யவேண்டிய பரிகாரம் ஒன்று தனியாக இருக்கிறது. எனக்கோ அப்படி எதுவும் இல்லை, ஏனென்றால் என் காரியத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு தூரம் யோசித்து இந்த இடத்தில்தான் நின்றேன். இதையே ஒரு நல்ல முடிவாக எழுதி அச்சுக்கு அனுப்பிவிடலாமென்றும் இருந்தேன். சிந்திய பால்தான் விடவில்லை. அதன் விலையையாவது கொடுத்துவிட்டு வருவோம் என்று, போன வாரம் காலை ஐந்தரை மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் போய் நின்றேன்.

அவர் வந்தார். என்னைக் கண்டதும் மறுபடியும் துண்டு தலையிலிருந்து இறங்கிற்று.

“ஐயா, அன்றைக்குத் தப்பு என்னுடையது. என் வண்டியில் கண்ணாடி மூன்று மாதமாய் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சரிசெய்யவில்லை. நீங்கள் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. விளக்கையும் நேரத்தில் போடவில்லை” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கேனின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே நின்றார்.

“அப்போ எம்மேல தப்பு இல்லீங்களா சாமி?”

“இல்லை ஐயா.”

“வீட்டுல அவ ஒரு மாசமா பேசிக்கிட்டே இருக்கா சாமி. கோவில் வண்டியில போயி முட்டப் பாத்தியே, கண்ணு தெரியாட்டி வண்டியை வித்துப்புடுன்னு. பய வந்து சாவியை வாங்கி வச்சுக்கிட்டான், இனிமே நீ ஓட்டவேண்டாம், நான் போறேன்னுட்டு. அவன் காலேஜுக்குப் போற புள்ள. நாலு நாளா கெஞ்சி, இன்னைக்குத்தான் குடுத்தான். எனக்கும் நெசமாவே கண்ணு மங்கிருச்சோன்னு புதுக்கோட்டைக்குப் போயி டாக்டர்கிட்டக் காமிச்சேன். நல்லாத்தான் இருக்குன்னாரு.”

ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு மாதமாய் நான் யோசித்துக்கொண்டிருந்தேன், தோமாஸையும் நாகெலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்த ஒரு மாதமும் இந்த மனிதர் என் போல்ட்டுக்காகத் தம் வீட்டில் வசை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தம் கண்ணையே சந்தேகித்து டாக்டருக்குக் காசு கொடுத்திருக்கிறார். நான் “பரவாயில்லை” என்று சொன்னபோது அவருக்கு அளித்தது மன்னிப்பல்ல, குற்றம். பின்னால் வருகிறவருக்கு என்ன நடந்தது என்பதை முன்னால் போகிறவன் எப்படி அறிவான்? அவன் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்க் கேட்டாலொழிய அறியமுடியாது. அதற்கு நான் முப்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

அவருடனேயே அவர் வீட்டுக்குப் போனேன். கீரனூருக்கு இப்பால், வயலோரத்தில் ஓட்டு வீடு. அவர் மனைவியும் மகனும் திண்ணைக்கு வந்தார்கள். சொசைட்டி வாசலில் சொன்னதையே அவர்கள் முன்னிலையில் மறுபடி சொன்னேன். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாலின் விலையையும் டாக்டர் செலவையும் கொடுக்க வந்ததாகச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். பால்காரர் இரண்டு கையையும் ஆட்டி, “ஐயையோ, வேண்டாம் சாமி, அதெல்லாம் வேண்டாம்” என்று பின்வாங்கினார்.

அந்த அம்மாள் குறுக்கே வந்து, “குடுங்க சாமி” என்று வாங்கி, எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டாள்.